ரயருக்கு நைதரசன் அடிப்பதால் பயன் உண்டா? வன்னி வீதிகளுக்கான ஒரு கணக்கு

ரயர் மாற்ற நகரத்துக் கடைக்குப் போகிறவரிடம் இப்போது ஒரு கேள்வி கேட்கப்படுகிறது. “அண்ணை, சாதாரணக் காத்தோ, நைட்ரஜனோ?” சாதாரணக் காற்றுக்குக் காசில்லை அல்லது சில்லறைக் காசு. நைட்ரஜனுக்கு ஒவ்வொரு சில்லுக்கும் தனிக் கட்டணம். அடித்து முடிந்ததும் வால்வில் ஒரு பச்சை மூடி பூட்டிவிடுவார்கள். “ரயர் சூடாகாது, வெடிக்காது, பெற்றோல் மிச்சம், காத்து இறங்காது” என்று ஒரு பட்டியலும் சொல்வார்கள்.

பாடசாலையில் நாம் நைதரசன் என்று படித்ததும் கடைப் பலகையில் நைட்ரஜன் என்று எழுதியிருப்பதும் ஒரே வாயுதான். அதற்குக் காசு கொடுக்கலாமா, வேண்டாமா? கேள்வி சிறியது. ஆனால் ஒரு மோட்டார் சைக்கிளையோ முச்சக்கர வண்டியையோ நம்பி ஒரு குடும்பமே வாழும் இடத்தில் அதற்குச் சரியான பதில் தேவை.

வண்டியின் அருமை

வாகனத்தை எப்படிக் காப்பாற்றி ஓடுவது என்று வன்னி மக்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினோம். ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்ட ரியூப்புடன் சைக்கிளில் ஊர் ஊராக இடம்பெயர்ந்தோம். 2009இல் முள்ளிவாய்க்கால் மணலில் சைக்கிள், மோட்டார் சைக்கிள், உழவு இயந்திரம், பஸ் என்று கையில் இருந்த எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தோம். செட்டிகுளம் முகாம்களில் இருந்து ஊர் திரும்பியபோது பலரிடம் ஒரு சைக்கிள்கூட இருக்கவில்லை.

இன்று முற்றத்தில் நிற்கும் வண்டி அதற்குப் பிறகு தேடியது. பெரும்பாலும் லீசிங்கில் எடுத்தது, மாதம் தவறாமல் கட்டுப்பணம் போவது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்தது. ஐந்து வருடமாகப் பழைய வண்டிகளே ஓடின. 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது ரயர் விலை எங்கே போனது என்பதை வண்டி வைத்திருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே வருடம் கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றரும் முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றரும் என்று எரிபொருள் அளந்து தரப்பட்டதும் நினைவிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. நெடுங்கேணிப் பக்கமோ ஒட்டுசுட்டான் காட்டுப் பாதையிலோ பொழுதுபட்ட பிறகு ரயர் போனால் அது வெறும் செலவுப் பிரச்சினை அல்ல. யானை நடமாடும் பாதை அது. போரில் கால் இழந்து, முச்சக்கர வண்டி ஓடிப் பிழைப்பவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவழியில் சில்லு மாற்றுவது எவ்வளவு சிரமம் என்று சொல்லத் தேவையில்லை. எனவே ரயர் பற்றிய ஒவ்வொரு வாக்குறுதியையும் கவனமாகப் பார்ப்பது நல்லது.

காற்றிலேயே இருப்பதுதான்

நாம் சுவாசிக்கும் வளியில் 78 வீதம் நைதரசன், 21 வீதம் ஒட்சிசன். மிகுதி ஒரு வீதத்தில் பெரும்பகுதி ஆகன் என்ற வாயு. ஆகவே சாதாரணக் காற்று அடித்த ரயரிலும் ஐந்தில் நான்கு பங்கு ஏற்கெனவே நைதரசன்தான். கடையில் காசு கொடுத்து வாங்குவது 95 வீதம் அளவிலான நைதரசன். வித்தியாசம், ஒட்சிசனின் பெரும்பகுதியும் ஈரப்பதனும் அகற்றப்பட்டிருப்பது மட்டும்தான்.

பெரும்பாலான கடைகளில் அந்த நைதரசன் வெளியிலிருந்து கொண்டுவரப்படுவதில்லை. கொம்பிரசரில் அமுக்கிய அதே காற்றை ஒரு வடிகட்டும் கருவிக்குள் விட்டு ஒட்சிசனைப் பிரித்துவிடுகிறார்கள். அந்தக் கருவிக்கும் மின்சாரத்துக்கும் செலவு இருக்கிறது. அதனால்தான் கட்டணம். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. கேள்வி, அந்தக் கட்டணத்துக்கு ஈடாக உங்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதே.

விமானத்தில் ஏன் நைதரசன்?

நைதரசனுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முதற் காரணம், “விமானத்துக்கே அதைத்தான் அடிக்கிறார்கள்” என்பது. அது உண்மை. அதற்குப் பின்னால் ஒரு துயரமும் இருக்கிறது.

1986 மார்ச் 31ஆம் திகதி மெக்சிக்கோ நகரத்திலிருந்து புறப்பட்ட மெக்சிக்கானா நிறுவனத்தின் பொயிங் 727 விமானம் மலைப்பகுதியில் விழுந்து அதிலிருந்த 167 பேரும் இறந்தார்கள். விமானம் ஓடுபாதையில் ஓடியபோது ஒரு சில்லின் பிறேக் சரியாக விடுபடாமல் உரசிக் கடுமையாகச் சூடேறியிருந்தது. அந்த ரயரில் நைதரசனுக்குப் பதிலாகச் சாதாரணக் காற்று அடிக்கப்பட்டிருந்தது. சூட்டில் றப்பரிலிருந்து வெளிவந்த வாயு உள்ளே இருந்த ஒட்சிசனுடன் சேர்ந்து பறக்கும்போதே வெடித்தது. எரிபொருள் குழாய்களும் கட்டுப்பாட்டுக் குழாய்களும் அறுந்து தீப்பிடித்தது. அதற்கு அடுத்த ஆண்டு, பயணிகள் விமானங்களின் பிறேக் உள்ள சில்லுகளில் ஒட்சிசன் 5 வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் கட்டளையிட்டது.

விமான ரயரின் அமுக்கம் கார் ரயரின் அமுக்கத்தைப் போலப் பல மடங்கு. அது நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் வேகத்தில் தரையைத் தொடுகிறது. மேலே போனதும் கடும் குளிர், இறங்கியதும் பிறேக்கின் கடும் சூடு. ஏ-9 வீதியில் ஓடும் காரும் விசுவமடுவில் ஓடும் முச்சக்கர வண்டியும் அந்த நிலையை எட்டுவதில்லை. விமானத்துக்குத் தேவை என்பதால் எமக்கும் தேவை என்று ஆகாது.

“சூடாகாது” என்பது சரியா?

வெயிலில் அமுக்கம் ஏறும், நைதரசன் என்றால் ஏறாது என்பது பரவலாகச் சொல்லப்படும் இன்னொரு கதை. இதைச் சாதாரணதரத்தில் படித்த வாயு விதியை வைத்தே பார்த்துவிடலாம்.

காலையில் 27 பாகை செல்சியசில் உங்கள் ரயருக்கு 30 அடிக்கிறீர்கள். நாம் “முப்பது அடியுங்கோ” என்று சொல்வது 30 பி.எஸ்.ஐ. அமுக்கத்தை. மத்தியான வெயிலில் சுமையுடன் ஓடி ரயரின் உள்ளே 60 பாகை வந்துவிட்டது என்று வைப்போம். அப்போது அமுக்கம் ஏறத்தாழ 35 ஆகியிருக்கும். உள்ளே இருப்பது உலர்ந்த காற்றானாலும் 35தான், நைதரசனானாலும் 35தான். இந்த அமுக்கத்தில் இரண்டு வாயுவும் ஒரே மாதிரித்தான் விரிகின்றன.

வித்தியாசத்தை உண்டாக்குவது ஒட்சிசன் அல்ல, தண்ணீர். கொம்பிரசர் காற்றை அமுக்கும்போது அதிலுள்ள ஈரம் தொட்டியின் அடியில் தண்ணீராகத் தேங்கும். கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் இது இன்னும் அதிகம. தொட்டித் தண்ணீரைத் திறந்து விடாத கடையில் காற்றடித்தால் அந்தத் தண்ணீரும் ரயருக்குள் போகும். ரயர் சூடாகும்போது அது ஆவியாகி அமுக்கத்தைக் கூடுதலாக 2 பி.எஸ்.ஐ. வரை ஏற்றிவிடலாம். ரிம்மின் உட்பக்கமும் துருப்பிடிக்கும். நைதரசன் உலர்ந்தது என்பதால் இந்தத் தொல்லை அதில் இல்லை. ஆனால் இதைத் தீர்க்க நைதரசன் தேவையில்லை. கொம்பிரசர் தொட்டியின் அடியிலுள்ள திருகைத் தினமும் திறந்து தண்ணீரை வெளியேற்றும் கடையில் காற்றடித்தால் போதும். கடை வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அவர்களது தொட்டி உட்பக்கமாகத் துருப்பிடித்து வெடிக்காமல் இருப்பதற்கும் இதுவே வழி.

“காற்று இறங்காது” என்பது எவ்வளவு உண்மை?

இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. றப்பர் முழுக்க அடைத்த சுவர் அல்ல. வாயு மெல்ல மெல்ல அதனூடாக வெளியே கசியும். ஒட்சிசன் மூலக்கூறு நைதரசனை விடச் சற்றுச் சிறியது. அதனால் அது றப்பரினூடாக மூன்று, நான்கு மடங்கு வேகமாகக் கசிகிறது. ஆகவே நைதரசன் அடித்த ரயர் மெதுவாகத்தான் இறங்கும்.

எவ்வளவு மெதுவாக? அமெரிக்காவில் பாவனையாளர்களுக்காகப் பொருட்களைச் சோதித்து வெளியிடும் கொன்சியூமர் ரிப்போர்ட்ஸ் சஞ்சிகை இதை ஒரு வருடம் அளந்து 2007இல் வெளியிட்டது. 31 வகைக் கார் ரயர்களை எடுத்து, ஒவ்வொரு வகையிலும் ஒன்றுக்குக் காற்றும் மற்றதற்கு நைதரசனும் 30 பி.எஸ்.ஐ. அளவுக்கு நிரப்பி, வெளியில் ஒரு வருடம் அப்படியே வைத்தார்கள். வருட முடிவில் காற்று அடித்தவை சராசரியாக 3.5 பி.எஸ்.ஐ. இறங்கியிருந்தன. நைதரசன் அடித்தவை 2.2 இறங்கியிருந்தன. ஒரு முழு வருடத்தில் வித்தியாசம் 1.3 பி.எஸ்.ஐ. மாத்திரமே.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, நைதரசனும் இறங்குகிறது. “இனி ரயரைப் பார்க்கவே தேவையில்லை” என்பது பிழை. இரண்டாவது, அந்த ரயர்கள் ஆணி குத்தாமல், கிடங்கில் விழாமல், நெல் மூட்டை ஏற்றாமல் சும்மா கிடந்தவை. எமது வீதிகளில் காற்று இறங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் றப்பரினூடான கசிவு அல்ல. முள், ஆணி, கிறவல் கல், தேய்ந்த வால்வு, நெளிந்த ரிம், விட்டுப்போன பழைய ஒட்டு ஆகியவைதான். ஆணி குத்திய ஓட்டையால் வெளியேறும்போது நைதரசனுக்கும் காற்றுக்கும் ஒரே வழிதான், ஒரே வேகம்தான்.

பெற்றோல் மிச்சம் எவ்வளவு?

காற்றுக் குறைந்த ரயர் தரையில் அதிகம் பரந்து உருளும். அதை உருட்ட இயந்திரத்துக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் கணக்குப்படி நான்கு ரயரிலும் சராசரியாக ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் எரிபொருள் சிக்கனம் 0.2 வீதம் குறையும். அது கார்களுக்கான கணக்கு. இருந்தாலும் அதை அளவுகோலாக வைத்துப் பார்ப்போம்.

வருடம் முழுக்க யாரும் காற்றே பார்க்கவில்லை என்று வைத்தாலும் நைதரசன் காப்பாற்றித் தருவது வருட முடிவில் 1.3 பி.எஸ்.ஐ. அதாவது 0.26 வீதம். 100 லீற்றர் பெற்றோலுக்கு ஏறத்தாழ கால் லீற்றர். அதுவும் வருடத்தின் கடைசி நாளில் வரும் உச்ச அளவு. மாதம் ஒருமுறை சாதாரணக் காற்றைச் சரிபார்ப்பவருக்கு அந்தக் கால் லீற்றரும் வித்தியாசமில்லை.

மறுபக்கம் பாருங்கள். 30 இருக்க வேண்டிய ரயர்கள் கவனிக்காமல் 20இல் ஓடினால் 100 லீற்றருக்கு ஏறத்தாழ 2 லீற்றர் வீணாகிறது. உள்ளே என்ன வாயு என்பதால் வரும் வித்தியாசத்தைப் போல, எவ்வளவு அமுக்கம் என்பதால் வரும் வித்தியாசம் பல மடங்கு. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2009இல் வெளியிட்ட ஆய்வக அறிக்கையும் இதையே காட்டியது. நைதரசன் மெதுவாக இறங்குகிறது. ஆனால் ஒரே அமுக்கத்தில் வைத்துப் பார்த்தால் ரயர் உருள்வதற்கான தடையில் அது நேரடியாக எதையும் குறைக்கவில்லை.

காசு கொடுத்தாலும் கிடைக்கிறதா?

இது கடையில் யாரும் சொல்லாத பகுதி. ரயரில் காற்றை முழுதாக இறக்கிவிட்டாலும் உள்ளே வெற்றிடம் வருவதில்லை. வெளியில் இருக்கும் அதே அமுக்கத்தில் காற்று உள்ளே நிற்கும். அதற்கு மேல் 95 வீத நைதரசனை 30 வரை அடித்தால் உள்ளே சேரும் கலவையில் நைதரசன் ஏறத்தாழ 89 வீதம்தான். மறுபடி இறக்கி மறுபடி அடித்தால்தான் 93 வீதம் வரும்.

ஏற்கெனவே காற்று இருக்கும் ரயரில் 24 இலிருந்து 30 வரை மட்டும் நைதரசனால் நிரப்பினால்? உள்ளே நைதரசன் 78 வீதத்திலிருந்து ஏறத்தாழ 80 வீதத்துக்கு உயரும். அவ்வளவுதான். பச்சை மூடி வந்துவிடும், உள்ளே இருப்பது கிட்டத்தட்டப் பழைய காற்றுதான். நைதரசனுக்குக் காசு கொடுப்பதாக இருந்தால், பழைய காற்றை முழுதாக இறக்கி இரண்டு தடவை நிரப்புகிறார்களா என்று நின்று பாருங்கள்.

கலந்தால் கெடுமா?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். நைதரசன் அடித்த ரயரில் சாதாரணக் காற்றைச் சேர்ப்பதால் எந்தக் கேடும் இல்லை. இரண்டும் ஒன்றோடொன்று தாக்கம் புரிவதில்லை. நாம் சுவாசிக்கும் வளியே அந்தக் கலவைதான்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நைதரசன் அடித்தவர்கள் பலர் “இதுக்கு வேற காத்து அடிக்கக் கூடாதாம்” என்று பயப்படுகிறார்கள். மல்லாவியிலோ துணுக்காயிலோ புதுக்குடியிருப்பின் உள்ளூர் ஒழுங்கையிலோ ரயர் இறங்கினால் பக்கத்தில் இருப்பது சாதாரண ஒட்டுக்கடைதான். நைதரசன் உள்ள நகரம் வரை போய் அடிப்போம் என்று அரைக்காற்றில் ஓடுவதுதான் உண்மையான ஆபத்து.

காற்றுக் குறைந்த ரயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடிந்து மடிந்து நிமிரும். ஒரு கம்பியை மடித்து மடித்து நிமிர்த்தினால் சூடாகி முறிவதுபோல, அந்த மடிப்பில் ரயர் உள்ளுக்குள் சூடாகும். உள்ளே இருக்கும் நூலும் கம்பியும் றப்பரிலிருந்து விடுபடும். வேகத்தில் வெடிப்பது பெரும்பாலும் இப்படித்தான். வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை ஏறத்தாழ 75 கிலோமீற்றர். அந்தத் தூரத்தை வேகமாகவும் சுமையுடனும் அரைக்காற்றில் ஓடுவது உயிரோடு விளையாடுவது.

இதே காரணத்தால், “வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து அடிக்க வேண்டும்” என்ற பழைய நம்பிக்கையும் பிழையானது. குறைத்தால் மடிப்புக் கூடும், மடிப்புக் கூடினால் சூடு கூடும். ஓடி வந்து சூடாக இருக்கும் ரயரில் 35 காட்டுகிறது என்று காற்றை இறக்கிவிடுவதும் பிழை. ஆறியதும் அது 30க்கும் கீழே போய்விடும். தயாரிப்பாளர் சொல்லும் அளவு, ஆறிய ரயருக்கான அளவு. சூடேறும்போது அமுக்கம் கூடும் என்பதைக் கணக்கில் எடுத்துத்தான் அதைக் குறித்திருக்கிறார்கள்.

எந்த வாகனத்துக்கு என்ன?

சைக்கிள், மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி: ரியூப் உள்ள ரயருக்கு நைதரசன் தேவையில்லை. வால்வும் ஒட்டும்தான் அங்கே பிரச்சினை. வால்வில் சவர்க்கார நுரை வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் வால்வுக் கட்டையை மாற்றுங்கள். முச்சக்கர வண்டியில் சில்லு சிறியது. ஒரே தூரத்துக்கு அது கூடுதல் தடவை சுற்றுகிறது, கூடுதல் தடவை மடிகிறது. வாரம் ஒருமுறை அளவு பார்க்க வேண்டிய வண்டி அது.

உழவு இயந்திரம்: வயலில் பிடிமானத்துக்காகப் பின் சில்லுக்குள் தண்ணீர் நிரப்பி ஓடுபவர்கள் உண்டு. பாதிக்கு மேல் தண்ணீர் இருக்கும் ரயரில் மிகுதிக்கு நைதரசன் அடிப்பதில் அர்த்தமில்லை. வயலுக்கு வேறு அளவு, பெட்டி பூட்டி வீதியில் நெல் ஏற்றும்போது வேறு அளவு என்பதைத்தான் அங்கே கவனிக்க வேண்டும்.

கார், வான்: ரியூப் இல்லாத ரயர், நல்ல ரிம், அதிகம் ஓடாமல் வீட்டில் நிற்கும் வண்டி. வெளிநாட்டிலிருக்கும் உறவினர் வரும்போது மட்டும் எடுக்கும் வான் போன்றவற்றுக்கு நைதரசனால் ஓரளவு பயன் உண்டு. புது ரயர் வாங்கும்போது இலவசமாகத் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். காசு என்றால் அவசியமில்லை.

இரவு நேரத் தூரப் பயண பஸ், பாரம் ஏற்றும் லொறி, ரிப்பர்: ரயரின் விலையும் அதிகம், சூடும் அதிகம். உட்பக்க றப்பர் ஒட்சிசனால் பழுதாவது நைதரசனில் குறையும். மேற்பட்டி மாற்றி ஒரே ரயரைப் பல வருடம் ஓடுபவர்களுக்கு இது கணக்கில் வரக்கூடும். அதுவும் எல்லாச் சில்லுக்கும் ஒழுங்காக அமுக்கம் பார்ப்பவர்களுக்குத்தான். இரட்டைச் சில்லில் உட்சில்லைப் பார்க்காமல் விடுபவருக்கு எந்த வாயுவும் உதவாது.

இரண்டு எச்சரிக்கைகள்

ஒன்று, ரயர் பூட்டியிருக்கும் ரிம்மில் ஒருபோதும் வெல்டிங் செய்யாதீர்கள். காற்றை இறக்கியிருந்தாலும் செய்யாதீர்கள். சூட்டில் உள்ளே றப்பர் ஆவியாகி, இருக்கும் ஒட்சிசனுடன் சேர்ந்து வெடிக்கும். அந்த விமானத்தில் நடந்ததும் இதுவே. ரயரை முழுதாகக் கழற்றிய பிறகே ரிம்மில் நெருப்பு வைக்கலாம்.

இரண்டு, கைத்தொழில் நைதரசன் சிலிண்டரிலிருந்து அமுக்கச் சீராக்கி இல்லாமல் நேரடியாக ரயருக்கு அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் இருப்பது ரயரைப் போல ஐம்பது மடங்குக்கும் மேலான அமுக்கம். ஒரு கணத்தில் ரயரையும் ரிம்மையும் பிளந்து எறியும்.

அந்தக் காசை எங்கே போடலாம்?

நைதரசனுக்கு வைத்திருக்கும் காசில் முதலில் ஓர் அமுக்கமானி வாங்குங்கள். கடையில் ரயர் கேஜ் என்று கேட்டால் தருவார்கள். ஒட்டுக்கடைகளில் தொங்கும் அளவி விழுந்து அடிபட்டு இரண்டு, மூன்று பி.எஸ்.ஐ. பிழை காட்டலாம். அந்தப் பிழையே ஒரு வருடத்தில் நைதரசன் தரும் நன்மையை விடப் பெரிது. வீட்டில் சொந்தமாக ஒன்று இருந்தால் ஊரில் நாலு வண்டிக்கும் உதவும்.

காலையில் வண்டியை எடுக்க முன், ரயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். சரியான அளவு காரின் சாரதிக் கதவை ஒட்டிய தூணிலும், மோட்டார் சைக்கிளில் பின் சில்லுப் பக்கம் அல்லது சங்கிலி மூடியிலும் ஒட்டப்பட்டிருக்கும். ரயரின் பக்கச் சுவரில் எழுதியிருப்பது தாங்கக்கூடிய உச்ச அளவு. அதை அடிக்கக் கூடாது. ஜப்பான் வண்டிகளில் கிலோபஸ்கால் என்று இருந்தால், 200 என்பது 29 பி.எஸ்.ஐ.க்குச் சமம். மேலதிகச் சில்லையும் மறக்காதீர்கள்.

பாவித்த ரயர் வாங்கினால் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டி புதிதுபோல் இருந்தாலும் ஐந்து, ஆறு வருடம் தாண்டியதை வெடிப்பு இருக்கிறதா என்று விரித்துப் பார்த்தே வாங்குங்கள். பத்து வருடம் தாண்டியதை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். வெளிப்புறம் வெயிலில் காய்ந்து இறுகிய றப்பரை உள்ளே இருக்கும் நைதரசன் காப்பாற்றாது.

ஏ-9இல் போகிறவர்கள் எப்படியும் முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் வாங்கிக்கொண்டுதான் போவோம். ஏறும் முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி நாலு ரயரையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றை விடக் கூடுதலாகச் சுட்டால் அதில் காற்றுக் குறைந்திருக்கலாம், அல்லது பிறேக் பிடித்துக்கொண்டிருக்கலாம். அந்த இடத்திலேயே மெதுவாகப் போய் அடுத்த கடையில் காட்டுங்கள். அங்கே இருப்பது சாதாரணக் காற்றுத்தான் என்றால், யோசிக்காமல் அதையே அடித்துக்கொண்டு போங்கள்.